சாம்பல் வெளிச்சம் – 6: கரைத் தெரு, 30ஆம் எண் வீடு

சென்ற வாரம் லண்டன் பனிமூட்டத்தில் நிறுத்தியிருந்தோம்.

1897 அக்டோபரில் மனைவி ஈடாவுடன் அங்கே போனார் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய். தான் பெரிதும் மதித்த ஓவியர் விஸ்லரை ஒருமுறையாவது சந்தித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது கடைசிவரை நிறைவேறவில்லை. 1898இல் இருவரும் கோபன்ஹேகன் திரும்பினார்கள்.

தொடரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1864இல் ஒரு வணிகர் வீட்டில் பிறந்தவர். எட்டு வயதிலேயே ஓவியப் பாடம். 1885இல் தங்கை அன்னாவின் உருவப்படத்தை சார்லோட்டன்போர்க் கண்காட்சிக்கு அனுப்பினார். பரிசு மறுக்கப்பட்டது, கோபம் கொண்ட 41 ஓவியர்கள் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1888இல் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் படத்தையும் அதே கண்காட்சி திருப்பி அனுப்பியது. பொறுத்துப் பார்த்த இளம் ஓவியர்கள் 1891இல் 'சுதந்திரக் கண்காட்சி'யைத் தொடங்கினார்கள். ஹாமர்ஷோயும் அதில் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில் ஈடா இல்ஸ்டெடுடன் திருமணம்.

34 வயது. பெயர் இருக்கிறது, சர்ச்சை இருக்கிறது, பக்கபலமாகச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்று உலகம் அவரை எந்தப் படங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறதோ, அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பிறக்கவில்லை.

அவை பிறப்பதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

*

ஸ்ட்ராண்ட்காடெ. டேனிஷ் மொழியில் 'ஸ்ட்ராண்ட்' என்றால் கரை. 'காடெ' என்றால் தெரு. கரைத் தெரு.

கோபன்ஹேகனின் கிறிஸ்டியான்ஸ்ஹாவன் பகுதியில், நீரை ஒட்டி ஓடும் பழைய தெரு இது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் உருவாக்கிய துறைமுகக் குடியிருப்பு. 30ஆம் எண் வீடு 1636இல் கட்டப்பட்டது. சிறு சிறு சட்டங்களாகப் பிரித்த உயரமான ஜன்னல்கள், மரப்பலகை பதித்த சுவர்கள், அறைக்கு அறை கதவு, உள்ளே ஒரு முற்றம். அந்த வீட்டின் முதல் மாடிக்கு 1898இல் வாடகைக்குக் குடிவந்தார்கள் ஹாமர்ஷோய் தம்பதி.

எதிர்ச்சாரியில் 25ஆம் எண்ணில் இருக்கும் கட்டடத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது சொல்லாமல் நகர முடியாது. ஒன்றைப் போலவே இன்னொன்றாக நிற்கும் இரண்டு பெரிய மாளிகைகள், நடுவே இரண்டையும் இணைக்கும் வாயில். டேனிஷ் ஆசியாடிக் கம்பெனியின் தலைமையகமும் கிடங்கும் அவை. 1732இல் அரச பட்டயம் பெற்ற அந்தக் கம்பெனிதான் 1777 வரை நம் தரங்கம்பாடியை நிர்வகித்தது. அதற்கும் முன்பு, 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கால் பதித்ததும் இதே நான்காம் கிறிஸ்டியானின் ஆட்கள்தான். கிறிஸ்டியான்ஸ்ஹாவனும் டேனிஷ் தரங்கம்பாடியும் ஒரே அரசரின் காலத்தில் பிறந்த துறைமுகங்கள். சோழமண்டலக் கரையின் துணி வணிகமும் சீனத்துத் தேயிலையும் இந்தத் தெருவின் கணக்குப் புத்தகங்களில்தான் பதிவாகின.

ஹாமர்ஷோய் குடிவந்தபோது அதெல்லாம் பழங்கதை. கம்பெனி கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தரங்கம்பாடியை 1845இலேயே ஆங்கிலேயருக்கு விற்றாயிற்று.

1902இல் அந்தக் கட்டடங்களை அவர் வரைந்தார். மூட்டை இல்லை, வண்டி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. கல்லும் பனிமூட்டமும், வாயிலுக்குப் பின்னால் ஒரு பாய்மரமும்தான். இருநூறு ஆண்டு வணிகத்தின் இரைச்சல் முழுவதையும் கழுவித் துடைத்துவிட்டுக் கட்டடத்தை மட்டும் நிற்க வைத்த மாதிரி இருக்கும் அந்தப் படம். தரங்கம்பாடிக் கோட்டையின் மதில்மேல் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெறுமை அந்நியமாகத் தெரியாது.

இந்த 25ஆம் எண் கட்டடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதையில் அது மறுபடியும் வரும்.

*

வீட்டுக்கு வண்ணம் பூசினார்கள். சுவர்களுக்குச் சாம்பல் நிறம். கதவுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் பலகைகளுக்கும் வெள்ளை.

இது சாதாரணச் செய்தி போலத் தோன்றும். அந்தக் காலத்து ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் துணிச்சல் புரியும். ஜன்னலுக்கு இரட்டைத் திரை, மேசைக்குக் குஞ்சம் வைத்த விரிப்பு, மூலைக்கு மூலை தொட்டிச் செடி, சுவர் தெரியாமல் சட்டமிட்ட படங்கள், தட்டு நிறையப் பொம்மைகள். வீட்டில் எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறதோ அவ்வளவு கௌரவம்.

இந்த வீட்டிலோ ஒரு பியானோ, ஒரு சோபா, ஒரு மேசை, சில நாற்காலிகள், மூடியுள்ள ஒரு பீங்கான் கிண்ணம், சுவரில் ஓரிரு படங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொருள்களையே இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்துகொண்டிருந்தார். இந்தப் படத்தில் பியானோவுக்கு மேல் இருக்கும் கிண்ணம் அடுத்த படத்தில் மேசைக்குப் போகும். நாற்காலி ஒன்றில் ஜன்னலோரம். இன்னொன்றில் சுவரை ஒட்டி. மற்றொன்றில் காணாமலே போயிருக்கும்.

வறுமையால் வந்த வெறுமை என்று எண்ணிவிடக் கூடாது. தேர்ந்தெடுத்துச் செய்த வேலை அது. சுமாரான பல பொருள்கள் இருப்பதைவிட நல்ல பொருள் சிலவே இருந்தால் வீடு எவ்வளவு அழகாகும் என்பதை மக்கள் உணர வேண்டும் என்று 1909இல் ஒரு பேட்டியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1907இல் கொடுத்த பேட்டி இன்னும் முக்கியமானது. எதை வைத்து ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் முதலில் சொன்னது கோடுகளை. ஒரு கட்டடம் நிற்பதைப் போல அந்தப் படம் நிற்க வேண்டும். ஒளி அதற்கு அடுத்துத்தான்.

அதிகம் பேசாத மனிதர், தன் தொழிலின் அடிப்படையையே போகிற போக்கில் போட்டு உடைத்துவிட்டார். அவருக்கு அறை என்பது வாழும் இடம் என்பதற்கும் முன்னால் செங்குத்துக் கோடுகளும் கிடைக்கோடுகளும். கதவு ஒரு நீள்சதுரம். அதற்குள் இன்னொரு கதவு, இன்னொரு நீள்சதுரம். பொருள்கள் அதிகமானால் கோடுகள் மறைந்துபோகும்.

இப்படி விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒருவரால் வரைய முடிந்ததற்கு ஒரு பல் மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் பிராம்சன். ஹாமர்ஷோயின் படங்களைத் தொடர்ந்து வாங்கினார், வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பப் பாடுபட்டார், பட்டியலிட்டார். பிற்காலத்தில் அவரைப் பற்றிய முதல் பெரிய நூலை எழுதியவர்களில் ஒருவரும் பிராம்சன்தான். ஓவியரின் தாய் ஃபிரெடெரிக்கே இன்னொரு பக்கம், மகனைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒவ்வொரு துணுக்கையும் வெட்டி ஏட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தொடரை எழுத முடிவதற்கு அந்தத் தாயின் கத்தரிக்கோலும் ஒரு காரணம்.

*

1900ஆம் ஆண்டு.

முற்றத்தைப் பார்த்த அறை. ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு கதவு. வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து இறங்குகிறது. தரையில் ஜன்னலின் வடிவம் சாய்வாக விழுந்து கிடக்கிறது. சரிந்து வரும் கதிர்களுக்குள் தூசி மிதக்கிறது.

வேறு எதுவும் இல்லை. மேசை இல்லை, நாற்காலி இல்லை, மனிதர் இல்லை.

'சூரியக் கதிர்களில் ஆடும் தூசித் துகள்கள்' என்று பெயர் பெற்ற படம் இது. உயரம் 70 சென்டிமீட்டர், அகலம் 59. இன்று கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ருப்கோர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக் காட்சியை வரைபவர் கடைசியாக எதைக் கைவிடத் துணிவார்? கதையை. யாரோ ஒருவர் இருந்தால்தான் கதை. கடிதம் படிக்கும் பெண்ணை வரைந்தால் யார் எழுதிய கடிதம் என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். இங்கே தேடுவதற்கு ஏதுமில்லை. பார்ப்பதற்கு மட்டும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று உறுத்தும். அந்தக் கதவுக்குக் கைப்பிடி இல்லை.

நிஜ வீட்டில் கைப்பிடி இல்லாத கதவை வைத்துக்கொண்டு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. அவர்தான் எடுத்துவிட்டார். கைப்பிடி இருந்தால் கை ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். யாரோ திறப்பார்கள், யாரோ நுழைவார்கள். அதையும் துடைத்துவிட்ட பிறகு அந்த அறைக்குள் ஒளிக்கு மட்டுமே அனுமதி.

என் கணிப்பில் இந்தத் தொடரின் திருப்புமுனை இதுதான். 1885இல் பரிசு மறுக்கப்பட்டதையோ 1891இல் புதிய கண்காட்சி தொடங்கியதையோ பெரிதாகச் சொல்பவர்கள் உண்டு. அவை ஓவிய உலகின் சண்டைகள். வெறும் அறையை, அதுவும் வாடகை வீட்டின் ஒரு மூலையை, முழுமையான படம் என்று நம்பிக் கையெழுத்துப் போட முடியும் என்று ஒருவர் தீர்மானித்தது இந்த 1900இல்தான்.

அந்த மூலையை அவர் விடவும் இல்லை. அதே ஜன்னல், அதே கதவு, இரவில் நிலா வெளிச்சத்தில் ஒரு படம். 1906இல் தரையில் வெயில் விழும் இன்னொரு படம். முன்னது இன்று நியூயார்க்கில், பின்னது லண்டனில். இரண்டும் ஒரே சில சதுர அடிகளில் பிறந்தவை.

*

அறையில் ஆள் இருக்கும் படங்களுக்கு வருவோம். அங்கேதான் ஈடா நிற்கிறார், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

1904 வாக்கில் வரைந்த ஒரு படம் டென்மார்க்கின் ராண்டர்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடை. கூந்தலை மேலே தூக்கி முடிந்திருக்கிறார். பிடரியில் சில இழைகள் கட்டுக்கு அடங்காமல் நிற்கின்றன. ஒரு தட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். இடது பக்கம் அந்தப் பீங்கான் கிண்ணம். முன்னால் சாம்பல் சுவர். தட்டை வைத்துவிட்டு நிற்கிறாரா, எடுத்துக்கொண்டு போகப்போகிறாரா? தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. எதையோ கேட்கிறாரா?

தெரியாது. முகம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். முகத்தைப் பார்த்ததும் நாம் முடிவுக்கு வந்துவிடுகிறோம்: மகிழ்ச்சி, சோர்வு, கவலை. பிடரி அப்படி எதையும் ஒப்புக்கொடுப்பதில்லை. அந்தப் படத்தின் ஒளி மிகுந்த இடம் எது என்று பார்த்தால், அந்த வெறும் கழுத்துதான். அத்தனை சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவே உயிருள்ள தோல் அந்த ஓரிடத்தில்தான் தெரிகிறது. கண்ணை எடுக்க முடியாது.

ஈடாவின் அண்ணன் பீட்டர் இல்ஸ்டெடும் ஓவியர். அவரும் வீட்டுக் காட்சிகளையே வரைந்தார். அவருடைய அறைகளில் குழந்தைகள் இருப்பார்கள், வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், பார்ப்பவரை உள்ளே வா என்று அழைக்கும். மைத்துனர்கள் இருவரின் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஹாமர்ஷோய் எதையெல்லாம் வேண்டாமென்று ஒதுக்கினார் என்பது பளிச்சென்று விளங்கும்.

இது அன்பின்மை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடரியின் ஒவ்வொரு இழையையும் அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து வரைந்த ஒருவரிடம் அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், ஆண்டுக்கணக்கில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்ற கேள்வியையும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

*

இதே வீட்டில் இரவும் வந்தது.

1901–02இல் ஐந்து ஆண்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்து வரைந்தார். தம்பி ஸ்வென், ஓவியர்கள் வில்லும்சன், கார்ல் ஹோல்சோ, கலை விமர்சகர் கார்ல் மேட்சன், கட்டடக் கலைஞர் பிண்டஸ்போல். இரண்டு மெழுகுவத்திகள். ஐவரும் ஒரே மேசையில். ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை. ஹோல்சோவின் நீட்டிய கால்கள் நம் முகத்துக்கு நேராக வருகின்றன. ஸ்டாக்ஹோம் வங்கியாளர் எர்னஸ்ட் தீல் வாங்கிய அந்தப் படம் இன்றும் அங்கே தீல் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. ஹாமர்ஷோயின் மௌனம் ஆளில்லாத அறைக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அது போதும்.

1904இல் ஒரு விருந்தாளி. கவிஞர் ரில்கே.

ஜெர்மனியில் ஹாமர்ஷோயின் படங்களைப் பார்த்து மயங்கியவர். அப்போது ஸ்வீடனில் தங்கியிருந்தார். ஓவியரைப் பார்க்கவே கோபன்ஹேகன் வந்தார். சிற்பி ரோடினைப் பற்றி முந்தைய ஆண்டுதான் அவருடைய நூல் வெளியாகியிருந்தது. ஹாமர்ஷோயைப் பற்றியும் எழுத வேண்டும் என்று திட்டம்.

சந்தித்தார்கள். ஓவியர் பேசவில்லை, அல்லது மிகக் குறைவாகப் பேசினார். அவசரப்பட்டு எழுதக்கூடிய ஓவியர் இல்லை இவர் என்று கவிஞருக்குப் புரிந்தது. காத்திருந்து எழுதலாம் என்று நினைத்தார்.

அந்தக் கட்டுரை எழுதப்படவே இல்லை.

*

1907இல் ஈடா திரும்பினார்.

மேசைக்கு எதிரே, நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு கோப்பை, கையில் கரண்டி. வயது 38. இத்தனை ஆண்டுகள் பிடரியை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இந்த முகம் ஓர் அதிர்ச்சி. தோலில் பச்சை கலந்திருக்கிறது. கண்களைச் சுற்றிக் கருமை. நெற்றியில் ஒரு நரம்பு தெரிகிறது. பார்வை நம்மீது விழுவது போலிருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை.

இதை வரைந்தவர் கணவர். ஒரு கோட்டைக்கூட அழகுக்காக மாற்றவில்லை. கைப்பிடியை எடுத்தவர், நாற்காலியை எடுத்தவர், இந்த முகத்திலிருந்து எதையும் எடுக்க மறுத்துவிட்டார். ஆர்ஹூஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படத்தின் முன் நிற்பவர்கள், அந்தக் கறுப்பு முதுகுகளை அதன் பிறகு பழைய மாதிரி பார்க்க முடியாது.

வாழ்நாள் முழுவதும் அவர் வரைந்தவை ஏறத்தாழ 370 படங்கள். அவற்றில் 60க்கும் மேற்பட்டவை கரைத் தெருவின் அந்த ஒரே மாடியில் உருவானவை. அந்தச் சாம்பல் சுவரில் எந்த மாதம் எந்த மணிக்கு வெளிச்சம் எந்த இடத்தில் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம்.

1909இல் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

பதினோரு ஆண்டுகள். பியானோவை எடுத்துக்கொண்டு போகலாம். மேசையை, நாற்காலிகளை, பீங்கான் கிண்ணத்தை வைக்கோல் சுற்றி எடுத்துக்கொண்டு போகலாம். முற்றத்து அறையின் கதவை எடுத்துக்கொண்டு போக முடியாது. தரையில் விழும் ஜன்னலின் நிழலை எடுத்துக்கொண்டு போக முடியாது. படத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தவரிடமிருந்து இப்போது வீடே நீங்கிவிட்டது.

எதிர்ச்சாரியில் ஆசியாடிக் கம்பெனியின் கட்டடம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஒருநாள் குடியேறுவோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

ஹாமர்ஷோய்க்கு வயது 45. புது வீட்டின் சுவர்களுக்கும் சாம்பல் பூசிவிடலாம். ஆனால் அந்தச் சுவர்களில் வெளிச்சம் இறங்குமா?

(தொடரும்)